கையில் உள்ளது முழுவதற்கும் வேலை பேசாதீர்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் எடுத்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, என் சக கிராணிமார்களே!

சம்பளத்தைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் தலைவர் பேசுவார். என்னைவிட நன்றாகவும் பேசுவார், நீளமாகவும் பேசுவார். (சிரிப்பு) எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வீடு. வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம் நினைத்தே பாராத செலவு ஒன்று நடுவில் வந்து நிற்கிறதே, அதற்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைப்பது பற்றி. "இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. ஆம் அண்ணே, இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டித்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நமது பாட்டன் காலத்திலிருந்து நாம் லயத்தில் வாழ்ந்தவர்கள். கூரை ஒழுகினால் என்ன செய்தோம்? ஆபீசுக்கு வந்தோம். கிராணி புத்தகத்தில் எழுதிக்கொண்டார்: இத்தனாம் நம்பர் வீடு, கூரை ஒழுக்கு. தச்சர் இன்றைக்கு வந்தாரா, அடுத்த மாதம் வந்தாரா என்பது வேறு கதை. அந்தக் கதைக்காக இந்தச் சங்கம் போட்ட சண்டைகளும் வேறு கதை. ஆனால் தச்சர் வந்தால் பலகைக்கும் ஆணிக்கும் உள்ள பணம் தோட்டக் கணக்கில்தான் எழுதப்பட்டது. ஆகவே ஓர் உத்திரம் என்ன விலை, ஒரு சாக்கடைக் குழாய் மாற்ற எத்தனை ஆள் கூலி என்று கணக்குப் பார்க்கும் தேவை நமக்கு ஏற்படவே இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று நிலை மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை நிற்கிறது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் நிற்கிறது. நம்மில் பலர் மலிவு விலை வீடு வாங்கிவிட்டோம். அந்த வீட்டுக்குத் துரையும் நாமே, கிராணியும் நாமே, தச்சரைத் தேடிப் போக வேண்டியவரும் நாமே. வீடு சொந்தமானதும் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை என்ன? அடுக்களையைப் பின்பக்கம் நீட்ட வேண்டும். நியாயமான ஆசை. ஆறு பேர் சாப்பிடுகிற குடும்பத்துக்கு, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற அடுக்களை போதாது.

இங்கே ஒரு வார்த்தை, இன்னும் லயத்தில் இருக்கும் தோழர்களுக்கு. முதலாளி கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைப்பது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், அதைத்தான் சொல்கிறது. உங்கள் சேமிப்பை எடுத்து அந்தக் கூரையில் போடாதீர்கள். முன்னால் திண்ணை இழுத்து, பின்னால் அறை எடுத்து, கல் பதித்து அழகு பார்த்தவர்கள் ஓய்வு பெற்ற நாளில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தோட்டம் கைமாறிய இடங்களிலும் அதே கதைதான். பதித்த கல்லைப் பெயர்த்துக்கொண்டா வர முடியும்? புகாரை எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பணத்தைச் சொந்த வீட்டுக்கு வையுங்கள்.

சரி, சொந்த வீட்டுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். கணவர் பால் வெட்டினார், மனைவி மருந்தடிக்கும் வேலை பார்த்தார். பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 18,000 வெள்ளி சேர்த்தார்கள். குத்தகையாளரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் அளந்து பார்த்து 18,000 என்றார். கையிலும் 18,000, வேலையும் 18,000. கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி மகிழ்ந்து போனார்கள். ஒரு அக்டோபர் மாதம் வேலை தொடங்கியது.

இரண்டாம் நாள் கூரையைப் பிரித்தார்கள். மேல் உத்திரம் வெளியே பார்க்க முழுசாக இருந்தது. தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை, கறையான். அதை மாற்ற 2,600. அடுத்த வாரம் அடித்தளத்துக்குத் தோண்டினால், பழைய சாக்கடைக் குழாய் மண்ணுக்குள்ளேயே உடைந்து கிடக்கிறது. அதற்கு 1,100. மொத்தம் 3,700 வெள்ளி. குத்தகையாளர் ஏமாற்றினார் என்று நினைக்காதீர்கள். அந்த உத்திரத்தை நானே கத்திக் காம்பால் தட்டிப் பார்த்தேன்; டப்பாவைத் தட்டியது போல் ஓசை கேட்டது. அவர் சொன்னது உண்மை. ஆனால் பணம் இல்லை. பணம் இல்லாத இடத்தில் அவர் எத்தனை நாள் நிற்பார்? வேறு வேலைக்குப் போய்விட்டார். கூரையில்லாத அடுக்களை மேல் நீலக் கித்தான் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏழு வாரம் அந்த அம்மாள் முன்வாசலில் வைத்துச் சமைத்தார். மகளுக்கென்று வாங்கி வைத்திருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. மகன் தொழிற்பயிற்சிக்குச் சேர வைத்திருந்த காசும் அதோடு போயிற்று. பையன் ஒரு தவணை பின்தங்கினான்.

அந்த அம்மாள் என்னிடம் சொன்னது மறக்கவில்லை. "ஐயா, வீடு கட்டறதுக்குப் பணம் இருந்திச்சு. வீட்டை உடைச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சதுக்குத்தான் பணம் இல்லாமப் போச்சு."

தோழர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? வெள்ளை வேர் நோய் பிடித்த மரத்தை நீங்கள் பார்த்ததில்லையா? மேலே இலை பச்சையாக இருக்கும். பாலும் கொடுக்கும். அடிமண்ணை விலக்கிப் பார்த்தால்தான் வேரில் வெள்ளை நூல் ஓடியிருப்பது தெரியும். இலை மஞ்சளாகித் தெரிகிறபோது காரியம் முற்றியிருக்கும். வீடும் அப்படித்தான். சுவரும் சாயமும் தெரியும். சுவருக்குள் இருக்கும் குழாயும், கூரைக்குள் இருக்கும் மரமும், தரைக்குக் கீழே இருக்கும் மண்ணும் உடைத்த பிறகே தெரியும். மதிப்பீடு எழுதிக் கொடுக்கிறவர் கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் விலை எழுதுவார். தெரியாததற்கு விலை எழுத வேண்டியவர் வீட்டுக்காரர்.

இப்படி ஒதுக்குவது பணக்காரர் பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவைப் பாருங்கள். அவசரமாகவும் எதிர்பாராமலும் ஒரு செலவு வந்து, அதற்கு வேறு ஒதுக்கீடு எதுவும் இல்லாவிட்டால், எடுத்துக் கொடுப்பதற்கென்றே தனி நிதி ஒன்றை வைத்துக்கொள்ள அது வழி செய்கிறது. எடுத்ததைக் கூடிய விரைவில் மீண்டும் நிரப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தனை அதிகாரிகளும் பொறியாளர்களும் வைத்திருக்கிற அரசாங்கமே, "எங்களுக்கும் எல்லாம் முன்கூட்டித் தெரியாது" என்று ஒப்புக்கொண்டு பணம் வைக்கிறது. கட்டிடம் கட்டுகிற கம்பெனிகளும் தம் கணக்கில் எதிர்பாராச் செலவென்று ஒரு வரி எழுதாமல் தொடங்குவதில்லை. தொழிலாளி வீட்டுக் கணக்கில் மட்டும் அந்த வரி ஏன் இருக்கக் கூடாது?

எவ்வளவு வைப்பது? சாயம் பூசுவது, தரையில் கல் பதிப்பது போன்ற மேல் வேலைக்கு, வீடும் புதிதாக இருந்தால், நூற்றுக்கு 10 போதும். சுவரையோ கூரையையோ உடைக்கிற வேலைக்கு நூற்றுக்கு 20. முப்பது வருடம் கடந்த வீட்டை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் 25, 30 என்று வைத்தாலும் அதிகமில்லை. அந்த வீட்டுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த நூற்றுக்கு 20-ஐ எங்கிருந்து கொண்டு வருவது? "18,000-க்கு மேல் இன்னும் 3,600 நான் எங்கே போவேன்?" என்று கேட்பீர்கள். மேலே தேடாதீர்கள் என்பதுதான் என் பேச்சு. இருக்கிற 18,000-க்குள்ளேயே எடுத்து வையுங்கள். 15,000 வெள்ளிக்கு வேலை பேசுங்கள், அதற்கு நூற்றுக்கு 20 என்றால் 3,000, சேர்த்தால் 18,000. கையில் 20,000 இருந்தால் 16,500-க்கு வேலை, 3,300 ஒதுக்கு, மீதி 200 கொத்தனார்களுக்குத் தேநீர். (சிரிப்பு) வேலையைச் சுருக்குவது எப்படி? அடுக்களைச் சுவர் முழுக்கக் கல் பதிக்க வேண்டியதில்லை. அடுப்புக்குப் பின்னால் மட்டும் பதிக்கலாம். தரைக்குச் சிமெண்ட் பூசி விடலாம். அலமாரி அடுத்த தீபாவளிக்கு வரட்டும். கூரை, மின்சாரக் கம்பி, சாக்கடை இவை மூன்றையும் சுருக்காதீர்கள்.

நான் சொன்ன குடும்பம் 15,000-க்குப் பேசியிருந்தால், 3,700 செலவு வந்தபோது கையில் 3,000 இருந்திருக்கும். 700 குறைந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 700-க்காகச் சங்கிலி அடகுக்குப் போயிருக்காது; பையன் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

நம் வீடுகளில் இந்தச் செலவு பெரும்பாலும் எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது கறையான். உயிரோடு நிற்கிற பால்மரத்தையே சாய்க்கும் கறையான் இனம் இந்த மண்ணில் உண்டு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த உத்திரம் அதற்கு எம்மாத்திரம்? இரண்டாவது பின்பக்கத்து மண். பல தாமான்களில் பின்பக்கம் கொட்டி நிரப்பிய மண். அதன்மேல் ஆழம் பார்க்காமல் அடுக்களை எழுப்பினால், பழைய வீடும் புதிய அடுக்களையும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு விழும். புதியது இறங்கும், பழையது நிற்கும். நடுவில் மழைத்தண்ணீர் நுழையும். மண் கெட்டியில்லை என்று தெரிந்தால் அடித்தளத்துக்குக் கூடுதல் செலவுதான். ஆகையால் ஒப்பந்தம் பேசுமுன்பே ஒரு குழி தோண்டிப் பாருங்கள். அதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

மூன்றாவது மின்சாரம். இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட பழைய கம்பியில் குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சூடேற்றி எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். சுவரைத் திறக்கிறபோது பதிவு பெற்ற மின்வேலைக்காரர் வந்து பார்த்து, மாற்ற வேண்டும் என்றால் மாற்றத்தான் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்க எண்ணுவது நெருப்போடு விளையாடுவது. பழைய நெளிகூரைத் தகடுகளில் கல்நார் கலந்தவையும் உண்டு. அவற்றை வாளால் அறுக்கவோ, அடித்து நொறுக்கவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துத்தான் நோய் தெரியும். விவரம் தெரிந்தவரைக் கொண்டு கழற்றச் செலவு கூடும். அந்தச் செலவும் இந்த ஒதுக்கிலிருந்து வர வேண்டியதே.

நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ செலுத்த வேண்டியது வேறு. அது எதிர்பாராத செலவல்ல. நாம் கேட்காமல் விட்ட செலவு. 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டிடச் சட்டப்படி கட்டிடத்தை நீட்ட முன் அனுமதி வேண்டும். "பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாரா?" என்று கேட்காதீர்கள். அவர் வீட்டு நோட்டீசு அவருக்கு வரும், உங்கள் வீட்டு நோட்டீசு உங்களுக்கு வரும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மழை பிடித்தால் நமக்கு என்ன ஆகும்? பால் வெட்டு நிற்கும். கைக்கு வருவது குறையும். அதே மழையில் திறந்து கிடக்கிற வீட்டுக்கு என்ன ஆகும்? வேலை நிற்கும், செலவு ஏறும். ஒரே மழை இரண்டு பக்கமும் அடிக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்ற கிராணிக்கு ஒரு பக்க அடிதான். இலையுதிர் காலத்திலும் பால் குறையும். ஆகவே உங்கள் வட்டாரத்தில் எந்த மாதம் மழை, எந்த மாதம் பால் குறைவு என்று பார்த்து, அந்த மாதங்களைத் தள்ளி வேலையை வையுங்கள். ஒதுக்கிய பணத்தை அரிசிக்கும் பருப்புக்கும் எடுக்கிற நிலை வராமல் இருக்க அதுவே வழி.

பணத்தை எங்கே வைப்பது? வேலைக்குரிய பணத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். சேர்த்து வைத்தால் கண்ணுக்குப் படும். கண்ணுக்குப் பட்டால் அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு வேண்டுமென்று தோன்றும். வங்கியில் தனிப் புத்தகம் ஒன்று திறங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் போட்டாலும் சரி. 1960-இல் துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளரின் சிறு பணத்தைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டமே வாங்கிக் காட்டினார், சிறு பணத்தைச் சிறிதென்று எண்ணாதீர்கள். மாதம் 100 வெள்ளி போட்டால் 33 மாதத்தில் 3,300. ஒட்டுப்பால் காசை அதற்கென்றே ஒதுக்குகிற ஒரு தாயாரை எனக்குத் தெரியும். பாலுக்கு வந்த பணம் வீட்டுக்கு, ஒட்டுப்பாலுக்கு வந்த பணம் புத்தகத்துக்கு.

கூட்டுப் பிடித்துச் சேர்ப்பதாகச் சிலர் சொன்னார்கள். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பிடித்தவர் ஓடிப்போனால் எந்த ஆபீசிலும் போய் முறையிட முடியாது.

அடகுக் கடை, வட்டிக் கடை பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு 2 வரை வட்டி வாங்கலாம். 3,700 வெள்ளிக்கு மாதம் 74, ஆறு மாதத்துக்கு 444. உரிமம் பெற்ற வட்டிக் கடையில் பிணையற்ற கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வரை. உரிமம் இல்லாத ஆலோங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட வீடுகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

ஊழியர் சேமநிதியைப் பற்றி நிறையப் பேர் ஆபீசில் வந்து கேட்கிறார்கள். வீடு வாங்கவும் கட்டவும் பணம் எடுக்கலாம். இருக்கிற வீட்டைப் புதுப்பிக்க அந்த வழியில் எடுக்க முடியாது. 2024 மே 11 முதல், 55 வயதாகாதவர்களின் புதிய சந்தாவில் நூற்றுக்கு 10 நெகிழ்வுக் கணக்கில் விழுகிறது; அதை 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதால் அதையே ஒதுக்கு நிதி என்று எண்ணிவிடாதீர்கள். அது நோய்நொடிக்கும் உதவ வேண்டிய பணம். 55 வயதில் முழுத்தொகை கைக்கு வருகிற அண்ணன்மார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பணம் வந்த வாரமே சுவரை உடைக்காதீர்கள். அதற்குப் பிறகு மறுபடி சேர்க்க வெட்டுக்கத்தி உங்கள் கையில் இருக்காது.

ஒதுக்கு நிதியை எடுப்பதற்கு ஒரு முறை வேண்டும். நமது சங்கத்தில் பொருளாளர் ஒருவராகப் பணம் எடுக்க முடியுமா? முடியாது. வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். கணவன் மனைவி இருவரும் சம்மதித்து, என்ன உடைந்தது, என்ன விலை, ஏன் இப்போதே செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். சிரிக்காதீர்கள், எழுதத் தொடங்கினால் பாதி ஆசை அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, இந்த நிதி இருக்கிறது என்று குத்தகையாளரிடம் சொல்ல வேண்டாம். நல்லவராகவே இருக்கட்டும், சொல்ல வேண்டாம்.

அவர் கூடுதல் வேலை என்று சொன்னால் போய்க் கண்ணால் பாருங்கள், படம் பிடித்து வையுங்கள், விலையை எழுதி வாங்கி இருவரும் கையெழுத்திட்ட பிறகு வேலை தொடங்கட்டும். முன்பணமாக முழுத்தொகையும் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஒரு பெருமழை பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்தவரா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம்.

வேலை முடிந்து ஒதுக்கிய பணம் மிஞ்சினால்? அன்றைக்கே அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தப் புத்தகத்திலேயே இருக்கட்டும். புதிய கூரைக்கும் பழைய கூரைக்கும் இடையில் உள்ள இணைப்பு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

இந்த வருடம் வீட்டு வேலை செய்ய எண்ணியிருப்பவர்கள், குத்தகையாளர் கொடுத்த மதிப்பீட்டுத் தாளை அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். நானும் இன்னொரு கிராணியும் இருப்போம். கணக்கை உட்கார்ந்து பார்ப்போம். தாய்மார்கள் தவறாமல் வர வேண்டும். புத்தகம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.